பேஜாரு என்று அடித்தால்

கும்மிடிப்பூண்டியில் ஒரு தொழிற்சாலையில் ஷிப்ட் குறிப்பு எழுதுவது என் வேலை. நோட்டில் எழுதியதை இனி கம்ப்யூட்டரில் அடிக்கச் சொன்னபோது எனக்கு ஒவ்வொரு எழுத்தையும் தேடிப் பிடிக்க வேண்டியிருந்தது. ஒப்பந்த ஊழியர் கோமதிதான் தட்டச்சு செய்வதற்கான இலவச மென்பொருள் ஒன்றை இறக்கி, என் பழைய நோட்டுகளைப் பார்த்து எனக்கு ஏற்றபடி மாற்றித் தந்தார். 'பேஜாரு' என்று அடித்தால் போதும், 'இயந்திரம் பழுதாகி நின்றது' என்று முழு வரியும் வந்துவிடும்.

"இன்னாண்ணா, நீ பேசற மாதிரியே அதுக்கும் சொல்லிக் குட்துக்கீறேன்," என்று சிரித்தார்.

ஒரு நாள் மேனேஜர் அதைப் பார்த்து அசந்துபோனார். "நீங்களே செஞ்சீங்களா? பிரமாதம்," என்றார். நான் தலையைக் குனிந்துகொண்டேன். அடக்கம் என்று நினைத்துத் தோளில் தட்டிவிட்டுப் போனார். கோமதியின் ஒப்பந்தத்தை நீட்டிப்பதா வேண்டாமா என்று அந்த வாரம்தான் முடிவு செய்யப் போகிறார்கள் என்பது எனக்குத் தெரியும். இருந்தும் அது கோமதி செய்தது என்று சொல்லவில்லை. அவர் ஒப்பந்தத்தை நீட்டிக்கவில்லை.

"வரேண்ணா. எதுனா மாத்தணும்னா அந்த சாஃப்ட்வேர் ஃபைல தொறந்து பாரு, எல்லாம் எழுதிக்கீறேன்," என்று கடைசி நாளில் சொல்லிவிட்டுக் கோமதி போனார்.

திறந்தேன். இப்படிப்பட்ட இலவச மென்பொருளில், செய்தவர்கள் பெயரை மேலேயே எழுதி வைப்பது வழக்கமாம். முதல் வரியில் என் பெயர் இருந்தது, 'வார்த்தைகள் தந்தவர்' என்று. அதற்குக் கீழேதான் கோமதியின் பெயர்.

அன்று மேனேஜர் முன் தலைகுனிந்து நின்றது நினைவுக்கு வந்தது. அந்தப் பாராட்டு எனக்கு இனித்திருக்கிறது. அதனால்தான் உண்மையைச் சொல்லவில்லை; அதற்குக் கூச்சம் என்று பெயர் வைத்துக்கொண்டேன்.