எல்லாச் சீட்டிலும் முடியல

மீன்பிடித் தடைக்காலம் வந்து விசைப்படகுகளெல்லாம் அரசலாற்றில் கட்டிக் கிடந்தன. வீட்டோடு இருந்த மணிவேலுக்குப் புது வேலை ஒன்று வாய்த்தது. மனைவி தீபா எழுதி வைத்திருக்கும் சீட்டுகளை ஒவ்வொன்றாக எடுத்து, பின்பக்கத்தில் இருக்கும் தமிழை வாசிக்க வேண்டும். அவள் அதற்கான ஆங்கிலச் சொல்லைச் சொல்வாள். சரியா தப்பா என்று அவன் பார்ப்பதற்காக, ஆங்கில உச்சரிப்பையும் முன்பக்கத்தில் தமிழிலேயே எழுதியிருந்தாள்.

தீபா காரைக்காலில் ஒரு தனியார் மருத்துவமனையில் பிரசவ வார்டு நர்ஸ். திருமலைராயன்பட்டினத்தில் மீன் விற்ற அம்மாவின் கூடையைச் சுமந்துகொண்டே பள்ளிக்கூடம் போனவள். பன்னிரண்டாம் வகுப்புவரை தமிழில் படித்தாள். நர்சிங் பாடங்களை ஆங்கிலத்தில் நெட்டுருப் போட்டுத் தேறினாள். அயர்லாந்தில் ஒரு மருத்துவமனை அவளை நேர்காணல் செய்து தேர்ந்தெடுத்திருந்தது. நர்ஸ்களுக்கான ஆங்கிலத் தேர்வு மட்டும்தான் பாக்கி. கேட்பது, படிப்பது, பேசுவது மூன்றிலும் தேறிவிட்டாள். எழுத்தில் இரண்டு முறை கோட்டைவிட்டாள். ஜூன் முடிவதற்குள் தேறாவிட்டால் அந்த இடம் வேறு யாருக்கோ போய்விடும்.

அதுமட்டும் என்றால்கூட ஆறுதலாக இருந்திருக்கலாம். அவள் தேறியதும் தானும் கூடப் போய்விடலாம் என்ற நம்பிக்கையில் மணிவேல் படகு முதலாளி சோமசேகரனிடம் போய், "தடை முடிஞ்சதும் நான் வரலைங்க, வேற ஸ்ராங்கு பாத்துக்குங்க" என்று சொல்லிவிட்டு வந்துவிட்டான். படகை ஓட்டுகிற ஸ்ராங்கு அப்படிச் சொல்லிவிட்டுத் திரும்பப் போய் நின்றால், கரையில் இருக்கிற அத்தனை பேரும் சிரிப்பார்கள்.

"கேளுங்க" என்றாள் தீபா, அரிசி களைந்துகொண்டே.

மணிவேல் முதல் சீட்டைப் புரட்டினான். "முடியல."

"வீக்."

"இல்ல. ஃப்ரெயில்னு போட்டிருக்க."

"சரி, அடுத்தது."

"முடியல."

"இப்பதானே கேட்டீங்க?"

"இது வேற சீட்டு. நீயே பாரு." இன்னொன்றை எடுத்தான். "இதுலயும் முடியல. இந்தா, இதுலயும். ஏம்மா, எல்லாத்துக்கும் முடியலன்னு எழுதி வச்சிட்டு என்னை வாசிக்கச் சொல்றியே, எனக்கே முடியல!"

தீபா கையைத் துடைத்துக்கொண்டு வந்து சீட்டுகளைத் தரையில் பரப்பினாள். வீக், ஃப்ரெயில், டிரௌசி, எக்ஸாஸ்டட், லெத்தார்ஜிக். எல்லாவற்றின் முதுகிலும் அவள் கையெழுத்தில் அதே ஒரு சொல்.

அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. இந்த ஊரில் அப்படித்தான் பேசுவார்கள். சளி பிடித்தாலும் அப்பாவுக்கு முடியல, ஐசியூவில் கிடந்தாலும் அப்பாவுக்கு முடியல. சொல்கிறவர் முகத்தைப் பார்த்துத்தான் எவ்வளவு என்று தெரிந்துகொள்ள வேண்டும். காகிதத்துக்கு முகம் ஏது?

பயிற்சிக்கு எழுதிய கடிதத்தைத் தேடி எடுத்தாள். மூச்சிரைப்பு உள்ள ஒரு பெரியவரை வேறு மருத்துவரிடம் அனுப்பும் கடிதம். ஒரு சொல்லைத் திரும்பத் திரும்ப எழுதாதே, அதே பொருளுள்ள வேறு சொல்லைப் போடு என்று பயிற்சி வீடியோவில் சொன்னதை அவள் அப்படியே பிடித்துக்கொண்டிருந்தாள். அதனால் முதல் பத்தியில் பெரியவர் தளர்ந்து மெலிந்திருந்தார், இரண்டாவதில் தூக்கக் கலக்கத்தில் இருந்தார், மூன்றாவதில் ஓடாய் உழைத்துக் களைத்திருந்தார். இதைப் படிக்கும் மருத்துவர், தூக்கக் கலக்கம் எதனால் என்று இல்லாத தலைக்காயத்தைத் தேட ஆரம்பித்துவிடுவார்.

"என்னாச்சு?" என்றான் மணிவேல்.

"பிள்ள பெத்தவளுக்குப் பால் ஊறணும்னு பால்சுறா கேட்டு வந்தா, எல்லாம் சுறாதானேன்னு எங்கம்மா வேற சுறாவ எடுத்துக் குடுக்குமா?"

"அத்தையா? கேட்டவள நாலு கேள்வி கேட்டுல்ல குடுக்கும்."

"நான் கூடையோட கவுத்து விட்டிருக்கேங்க."

அன்று மாலையே சீட்டுகளை மாற்றி எழுதத் தொடங்கினாள். அகராதி சொல்லும் பொருளைப் படிப்பாள். பிறகு வார்டில் தான் பார்த்த யாரையாவது நினைத்துக்கொண்டு தன் சொந்தச் சொற்களில் எழுதுவாள். கடைசி வரியில், அந்தச் சொல்லை யாருக்குச் சொல்லக் கூடாது என்று கட்டாயம் குறிப்பாள். எக்ஸாஸ்டட்: ராத்திரி முழுக்க வலியெடுத்துக் காலையில் பெற்றவள். சும்மா சோம்பிக் கிடப்பவளுக்குச் சொல்லாதே. டிரௌசி: ஊசி போட்டபின் கண் சொருகும், கூப்பிட்டால் திறப்பாள். கூப்பிட்டும் திறக்காதவளுக்குச் சொல்லாதே. ஃப்ரெயில்: வயதாகி, கை பட்டாலே சாய்ந்துவிடுவார் போலிருப்பவர். நேற்றுவரை வலை இழுத்தவருக்குச் சொல்லாதே.

இப்போது மணிவேலுக்கும் வேலை பிடித்துப்போனது. வாசிப்பதை விட்டுவிட்டு நடித்துக் காட்டினான். கண் சொருகினான், சுவரில் சாய்ந்தான், நாற்காலியிலிருந்து எழ முடியாமல் தவித்தான்.

"இது ஃப்ரெயில்" என்பாள்.

"இல்ல, எக்ஸாஸ்டட்."

"அப்ப நல்லா நடிங்க. குடிச்சவன் மாதிரி இருக்கு."

அவளோடு வேலை பார்க்கும் கமர் நிஷா ஒருநாள் வந்து பார்த்துவிட்டு, "அண்ணே, நீங்களே போயி பரீட்சை எழுதிடலாம் போலிருக்கே" என்றாள்.

தேர்வில் வந்தது ஒரு மூதாட்டியின் கதை. இடுப்பெலும்பு அறுவை முடிந்து வீடு திரும்புகிறார். உணவில் நாட்டமில்லை, கூப்பிட்டால் தாமதமாகத் திரும்பிப் பார்க்கிறார். தீபா பேனாவை வைத்துவிட்டு அந்தப் பாட்டியை மனதில் கட்டிலில் படுக்க வைத்துப் பார்த்தாள். தூக்கக் கலக்கமில்லை. களைப்பும் இல்லை. எதிலும் ஒட்டாத மந்தம். லெத்தார்ஜிக் என்று எழுதினாள். அடுத்த பத்தியிலும் அதே பாட்டிதான், அதே மந்தம்தான். கை வேறு சொல்லுக்குப் போனது. இழுத்துப் பிடித்து அதே சொல்லையே மறுபடி எழுதினாள்.

தடை முடிந்து படகுகள் கிளம்பும் நாளில் தேர்வு முடிவு வருவதாக இருந்தது. மணிவேல் காலையிலிருந்து துறைமுகத்திலேயே நின்றான். ஐஸ் ஏறிக்கொண்டிருந்தது. சோமசேகரன் அவனருகே வந்து, "புது ஆளு வந்துட்டான். ஆனா நீ வர்றேன்னா சொல்லு, கிளம்புறவரைக்கும் நேரமிருக்கு" என்றார். அவன் போனையே பார்த்துக்கொண்டிருந்தான்.

மூன்று மணிக்குப் போன் அடித்தது.

"வந்துட்டுங்க" என்றாள் தீபா.

"என்னான்னு சொல்லேன்!"

"எழுத்துலயும் தேறிட்டேன்."

மணிவேல் கட்டுமரத் துண்டொன்றின் மேல் உட்கார்ந்தான். இத்தனை நாளும் தோளை இறுக்கிப் பிடித்திருந்தது எதுவென்று அது விட்டபிறகுதான் தெரிந்தது. சோமசேகரனைப் பார்த்து, புது ஆளையே அனுப்பச் சொல்லிக் கையசைத்தான். அவரும் சிரித்தபடி தலையாட்டிவிட்டுப் போனார்.

போனில் மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது.

"அழுவுறியா, சிரிக்கிறியா?"

"தெரியலைங்க."

"அதுக்கும் ஒரு சீட்டு எழுதியிருப்பியே."

"எழுதியிருக்கேன். இப்ப ஞாபகம் வரல. வர்றப்ப பிரியாணி வாங்கிட்டு வாங்க, காலையிலேர்ந்து ஒண்ணுமே சாப்பிடல."