ஐந்து முறை வெளியான எங்கள் முதல் கேசட்

ரெக்கார்டிங் கடைக்கு வருகிறவர்களில் பாதிப் பேர் நம்மிடம் இல்லாத பாட்டைக் கேட்பார்கள். மீதிப் பேர் இருக்கிற பாட்டில் குறை சொல்வார்கள். அது நாமே பாடிய பாட்டாக இருந்துவிட்டால் இரண்டு கட்சியும் ஒன்றாகச் சேர்ந்துகொள்ளும். சொந்தச் செலவில் கவிதைப் புத்தகம் போட்டவர்கள், ஊரைக் கூட்டி நாடகம் நடத்தியவர்கள் யாராவது இதைப் படித்தால், என் பக்கத்தில் வந்து உட்காருங்கள். உங்களுக்கு நான் எதையும் விளக்க வேண்டியிருக்காது.

எண்பதுகளின் தொடக்கத்தில் செங்கம் ரோட்டில் எனக்குக் கேசட் பதிந்து தரும் கடை. ஆசிரமத்துக்கு வரும் வெள்ளைக்காரர்கள் தங்கள் ஊர் ராக் பாட்டுகளைக் காப்பி எடுக்கக் கொண்டுவருவார்கள். அவற்றைக் கேட்டுக் கேட்டுத்தான் எங்களுக்குப் புத்தி கெட்டது. அவர்களில் ஒருவர் ஊர் திரும்பும்போது தன் எலக்ட்ரிக் கிடாரை என் தலையில் கட்டிவிட்டுப் போனார். கீழ்பென்னாத்தூர்ப் பக்கத்துக் கிராமத்திலிருந்து வந்து என் கடையில் வேலை பார்த்த ஏழுமலை அதை வாசித்துக்கொண்டு பாடினான். கல்யாண பேண்டு செட்டில் இருந்த தனக்கோடி டிரம்ஸ். இரவல் பேஸ் கிடார் நான். பாட்டெழுதியதும் நான்தான்.

எட்டுப் பாட்டு சேர்ந்ததும், ஏழுமலை ஊர் ஏரியைப் பற்றிய பாட்டின் பெயரையே எடுத்து 'காய்ந்த ஏரி' என்று ஆல்பத்துக்குப் பெயர் வைத்தோம். அந்த நேரம் பார்த்து ஏழுமலையின் அப்பா முனுசாமி கடைக்கு வந்தார். அவருக்கு ஒரே பையன், மூன்று ஏக்கர் மானாவாரி. "அடுத்த ஆடியில மல்லாட்டை விதைக்கிறதுக்குள்ள உன் பாட்டு வெளிய வரணும், ஜனம் கேக்கணும். இல்லன்னா கிடாரக் குடுத்துட்டு வந்து கலப்பையப் புடி" என்று மகனிடம் சொன்னார். ஏழுமலை சரி என்று தலையாட்டினான். அவன் நிஜமாகவே போய்விடுவான் என்பது எனக்குத் தெரியும். அவனை விட்டால் எங்களுக்குப் பாட வேறு ஆள் கிடையாது.

பிள்ளையார் எங்கே?

மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, மண்டிக்கு ஞாயிற்றுக்கிழமை லீவு. அங்கே மூட்டைகளை நான்கு பக்கமும் சுவர் மாதிரி அடுக்கி, நடுவில் உட்கார்ந்து பதிவு செய்தோம். எதிரொலி துளியும் இல்லை, தும்மல் மட்டும் நிறைய. மூன்று ஞாயிறுகளில் வேலை முடிந்தது. விஜயதசமி அன்று, உறையில் கையால் பெயரெழுதி, கடை வாசலில் முதல் வெளியீடு நடந்தது.

பக்கத்துப் பாத்திரக்கடைக்காரர் மரியாதைக்கு ஒன்று வாங்கிப் போனார். மறுநாள் காலை பத்து மணிக்கே திருப்பிக் கொண்டுவந்தார். பாட்டு பிடிக்கவில்லையா என்று கேட்டேன். அவர் அந்த விஷயத்துக்கே போகவில்லை. "பாட்டு எப்படி வேணா இருக்கட்டும் தம்பி. மொதப் பாட்டு புள்ளையார் பாட்டு இல்லாத கேசட்ட கடை தெறந்ததும் எப்படிப் போடறது?"

கல்யாண அட்டை

அவரைப் போலவே இன்னும் பலர் சொன்னதால் பிள்ளையார் மேல் ஒரு பாட்டு போட்டோம். ராக் குழுவுக்கு இது அவமானம் என்று ஏழுமலை இரண்டு நாள் முறைத்துக்கொண்டிருந்தான். ஆடி மாதம் ஞாபகம் வந்ததும் பாடிக் கொடுத்தான். இரண்டாம் வெளியீட்டுக்கு உறையையும் அச்சடித்துவிடலாம் என்று கல்யாணப் பத்திரிகை போடும் அச்சகத்தில் கொடுத்தேன். மலைப் படம் மட்டும் போதும், அதற்குக் கீழே எங்கள் மூன்று பேர் பெயர் என்று சொல்லிவிட்டு வந்தேன்.

அச்சகக்காரர் பழக்க தோஷத்தில் மேலே பிள்ளையார் சுழி போட்டிருந்தார். எங்கள் பெயர்களுக்குக் கீழே 'தங்கள் நல்வரவை விரும்பும் சுற்றமும் நட்பும்' என்று ஒரு வரி. போதாததற்கு ஒவ்வொரு உறைக்கும் நான்கு மூலையிலும் மஞ்சள் தடவி அடுக்கி வைத்திருந்தார். திரும்ப அச்சடிக்க வழியில்லை, அப்படியே வெளியிட்டோம். கடைக்கு வந்த ஒரு அம்மா உறையைக் கையில் வாங்கி, மூன்று பெயரையும் நிதானமாகப் படித்துவிட்டுக் கேட்டார்: "மூணு புள்ளைங்களுக்கும் ஒரே மேடையிலயா? பொண்ணுங்க எந்த ஊருங்க?"

கிரிவலப் பாதையில்

கார்த்திகை தீபத்தன்று எங்களுக்கு யோகம் அடித்தது என்றே நினைத்தோம். உறையில் மலையும் மஞ்சளும் இருந்ததால் கூட்டத்தில் நிறையப் பேர் பக்திப் பாட்டு என்று வாங்கிப் போனார்கள். முதல் பாட்டு பிள்ளையார் பாட்டுதான் என்பதால் எங்கள் மனசாட்சி பெரிதாக உறுத்தவில்லை. அடி அண்ணாமலையில் ஒரு டீக்கடைக்காரர் ஸ்பீக்கரில் காலையிலிருந்தே போடுகிறார் என்று கேள்விப்பட்டு, நாங்கள் மூன்று பேரும் சைக்கிளில் போய்ப் பார்த்தோம்.

தனக்கோடியின் டிரம்ஸ் மலையடிவாரம் வரை கேட்டது. மலை சுற்ற வந்தவர்கள் தாளத்துக்குத் தக்கபடி விறுவிறுவென்று நடந்துபோய்க்கொண்டிருந்தார்கள். ஏழுமலைக்கு முகமெல்லாம் பல். அப்பாவைக் கூட்டிவந்து காட்டியிருக்கலாமே என்றுகூடச் சொன்னான். டீக்கடைக்காரர் எங்களைக் கண்டுபிடித்து ஓரமாகத் தள்ளிக்கொண்டு போனார். "இதப் போட்டதுல இருந்து ஒருத்தரும் நிக்க மாட்றாங்க, டீ ஓடவே இல்ல. கொஞ்சம் மெதுவா நடக்கற மாதிரி ஒரு பாட்டு இருந்தா மொதல்ல வைங்களேன்."

தப்பி வந்தவர்

வைத்தோம். மூன்றாம் வெளியீட்டில், பிள்ளையாருக்கு அடுத்ததாக மெதுவான பாட்டுகளை முன்னால் கொண்டுவந்தோம். அந்தக் கேசட்டுகளில் ஒன்று ஆசிரமத்துக்குப் பக்கத்தில் அறை எடுத்துத் தங்கியிருந்த ஒரு ஜெர்மன்காரர் கைக்குப் போயிற்று. அவர் ஐந்து வருஷமாக இங்கேயே இருந்ததால் தமிழ் பேசுவார். ராக் தெரிந்த ஊர்க்காரர், ஒரு வார்த்தை நல்லதாகச் சொன்னால் எழுதி வாங்கி முனுசாமியிடம் காட்டலாம் என்று ஏழுமலை அவர் வீட்டு வாசலுக்கே போய் நின்றான். நானும் கூடப் போனேன்.

மனிதர் எங்களுக்குப் பழம் கொடுத்து உட்காரவைத்து, கேசட்டைக் கண்ணை மூடிக்கொண்டு கடைசி வரை கேட்டார். பிறகு இரண்டு கையையும் கூப்பினார். "ரொம்ப நல்லா இருக்கு. எங்க ஊர்ல இருந்து இதுக்கு பயந்துதான் நான் இங்க ஓடி வந்தேன்."

துபாயிலிருந்து வந்த குரல்

இது நான் செய்த பாவம். பங்குனியில் வெற்று கேசட்டுக்குத் தட்டுப்பாடு. வாடிக்கையாளர்கள் மாதக்கணக்கில் வந்து வாங்காமல் விட்ட பழைய கேசட்டுகளின் மேலேயே நான்காம் வெளியீட்டைப் பதிந்தேன். அழிக்கக் கூடாத கேசட் என்றால் அதன் முதுகில் இருக்கும் சின்ன பிளாஸ்டிக் பல்லை உடைத்துவிடுவது வழக்கம். உடைக்காததெல்லாம் அழிக்கலாம் என்பது என் கணக்கு. வேங்கிக்கால் பக்கத்திலிருந்து வரும் ஒரு பெண், துபாயில் இருக்கும் கணவர் பேசி அனுப்பிய கேசட்டைக் காப்பி எடுக்கக் கொடுத்துவிட்டு மூன்று மாதமாக வரவில்லை. அந்தக் கேசட்டில் பல் உடைக்கவில்லை. நான் காப்பியும் எடுக்காமல், போட்டுக்கூடக் கேட்காமல் அதன் மேல் எங்கள் பாட்டைப் பதிந்துவிட்டேன். அவள் வந்து கேட்டபோது அதுவே தெரியாமல் எடுத்தும் கொடுத்துவிட்டேன்.

அன்று சாயங்காலம் அவளுடைய மாமனார் வந்து விஷயத்தைச் சொன்னார். அவள் கணவர் தன் குழந்தையின் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டது, வெயிலில் வேலை செய்வதைப் பற்றிச் சொன்னது, எல்லாம் போய்விட்டது. நாலாவது நாள் அந்தப் பெண்ணே வந்தாள். திட்டு வாங்கத் தயாராக எழுந்து நின்றேன். "ரெண்டு நாள் அழுதோம்ணா. அப்புறம் என்னதான் இருக்குதுனு போட்டுப் பாத்தோம். அந்த ஏரிப் பாட்டு எங்க ஊரு மாதிரியே இருக்குது. அவருக்கு ஒண்ணு அனுப்பணும், பல்ல ஒடச்சிக் குடுங்க."

மதகு

ஆனி பாதி தாண்டியது. கேசட் நான்கு முறை வெளிவந்திருந்தும் அதைக் கேட்கிறவர்கள் பட்டியல் அரை வரியில் முடிந்துவிட்டது. பாத்திரக்கடை, டீக்கடை, ஒரு ஜெர்மன்காரர், ஒரு துபாய் முகவரி என்று சொன்னால் முனுசாமி சிரிப்பார். ஏழுமலை கிடாரைத் துடைத்துப் பெட்டியில் வைத்துக் கடையின் உள்ளே கொண்டுபோய் நிறுத்திவிட்டான். அவன் போய்விடக் கூடாது என்றுதான் எனக்கு மனசு. இதை அவனிடம் அப்போது சொல்லவில்லை, சொல்லியிருக்கலாம்.

ஒரு திங்கட்கிழமை மத்தியானம் கீழ்பென்னாத்தூர் பஸ்ஸில் முனுசாமி வந்து இறங்கினார். வாங்கய்யா என்று நாற்காலியை நகர்த்தினேன். உட்காரவில்லை. உள்ளே கேசட் பதிந்துகொண்டிருந்த மகன் பக்கம் திரும்பவும் இல்லை. பிரைவேட் பஸ் டிரைவர் ஒருவர் எங்கள் கேசட்டை வாங்கிப்போய் ஒரு மாதமாகக் ஒவ்வொரு நடையிலும் போட்டுக்கொண்டிருக்கிறார் என்பதே முனுசாமி சொல்லித்தான் எங்களுக்குத் தெரியவந்தது. அவர் வந்த பஸ்ஸும் அதுதான்.

ஏரிப் பாட்டில் 'கிழக்கு மதகில் கெண்டை இல்லை' என்று ஒரு வரி வரும். நான் டவுன்காரன், ஏழுமலை ஊர் ஏரியைக் கண்ணால் பார்த்ததில்லை. அது தெற்கு மதகு என்று பதிவின்போதே ஏழுமலை சொன்னான். தெற்கு என்ற சொல் மெட்டில் உட்காரவில்லை என்று நான்தான் விடாப்பிடியாக இருந்துவிட்டேன்.

முனுசாமி துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு என்னைப் பார்த்துச் சொன்னார். குரல் உள்ளே இருந்தவனுக்கும் கேட்கிற மாதிரி இருந்தது. "மதகு தெக்கால இருக்குது, இவன் கெழக்கால இருக்குதுனு பாடறான். பஸ்ஸுல எங்க ஊர்க்காரங்க டெய்லி சிரிக்கிறாங்க, எனக்கு மானம் போவுது. அத சரியா பாடி மறுபடியும் வெளிய வுடச் சொல்லுப்பா. இந்த வருசம் வெதைக்கிறத நானே பாத்துக்கறேன்."

ஆடிப்பெருக்கன்று ஐந்தாவது முறையாக வெளிவந்த எங்கள் முதல் ஆல்பத்திலிருந்து நான் கற்ற தொழில் ரகசியம், பேனாவை எடுப்பதற்கு முன்னால் ஒரு பஸ் டிக்கெட் எடுத்துக்கொண்டு போய் ஏரியைப் பார்த்துவிட்டு வந்துவிட வேண்டும் என்பதுதான்.