கத்தரிக்காய் நிறத் தரை

கத்தரிக்காய் நிறத்தில் தரை போட்ட வீட்டை நீங்கள் பார்த்திருக்க மாட்டீர்கள். பார்க்க வேண்டுமென்றால் எங்கள் ஊர் சாய்ந்தமருதுக்கு வாருங்கள். கடற்கரை வீதியில் நின்று எந்தப் பிள்ளையிடம் கேட்டாலும் எங்கள் வீட்டைக் காட்டும். முன்கூடம் முழுக்க அந்த நிறம்தான். ஒரு துளி மணல் விழுந்தாலும் பளிச்சென்று தெரியும். கடலோ கூப்பிடு தூரத்தில் இருக்கிறது. மணலுக்கு என்ன பஞ்சம்? காலையில் கூட்டி, பகலில் கூட்டி, பின்னேரமும் கூட்டி என் இடுப்பு முறிகிறது. வருகிறவர்கள் எல்லோரும் வாசலில் ஒரு கணம் நின்று கீழே பார்த்துவிட்டு, "வித்தியாசமாத்தான் இரிக்கி" என்பார்கள். அதற்கு என்ன அர்த்தம் என்று எனக்குத் தெரியாதா?

ஆரையும் நோகவும் முடியாது. இந்த நிறத்தைத் தெரிவு செய்தது நான்தான். அப்போது எனக்கு வயது பத்து.

நாங்கள் கொழும்பில் இருந்த காலம் அது. வாப்பா புறக்கோட்டையில் சாரன், அதாவது கைலி, விற்கிற ஒரு மொத்தக் கடையில் வேலை பார்த்தார். எங்கள் ஊருக்குப் பக்கத்து மருதமுனையில் நெய்த சாரன்கள் லொறியில் அந்தக் கடைக்கு வரும். தெமட்டகொடையில் ஒரு மேல்மாடியில் வாடகைக்கு இருந்தோம்: வாப்பா, உம்மா, நான், ஐந்து வயதுத் தம்பி. உம்மாவுக்கு ஊரில் சொந்த வீடு இருந்தது. அதில் அப்போது உம்மாவின் தங்கை, என் சாச்சியின் குடும்பம் இருந்தது. கொழும்பில் எங்களுக்கு இருந்ததெல்லாம் இரண்டு அறையும் வாப்பாவின் ஒரேயொரு லீவு நாளும்தான். அந்த லீவு நாள் ஞாயிற்றுக்கிழமை.

எங்கள் வகுப்பு ரீச்சருக்கு ஒரு பழக்கம். திங்கட்கிழமை முதல் பாடத்தில் ஒவ்வொருவராக எழுப்பி, நேற்று வீட்டில் எங்கே கூட்டிப் போனார்கள் என்று கேட்பார். நகரத்தில் வளர்கிற பிள்ளைகளுக்குப் பெற்றோர் நகரத்தைக் காட்ட வேண்டும் என்பது அவருடைய கொள்கை. மற்றப் பிள்ளைகள் மிருகக்காட்சிச்சாலை என்பார்கள், கோள்மண்டலம் என்பார்கள், காலிமுகத்திடலில் பட்டம் விட்டோம் என்பார்கள். நான் எழும்பி, "கதவுப் பூட்டுப் பார்க்கப் போனோம் ரீச்சர்" என்பேன். அடுத்த கிழமை தண்ணீர்த் தாங்கி. அதற்கடுத்த கிழமை ஜன்னல் கம்பி. வகுப்பே சிரிக்கும்.

எங்கள் பக்கத்தில் ஒரு பெண் பிள்ளை பிறந்தால், வீடு என்கிற கவலையும் தகப்பனுக்குக் கூடவே பிறக்கும். கலியாணம் முடித்தால் மாப்பிள்ளை பெண்ணின் வீட்டுக்கு வந்துவிடுவார். அந்த வீடு பெண்ணின் பெயரில் இருக்க வேண்டும், அதைக் கட்டிக் கொடுப்பது வாப்பாவின் பொறுப்பு. இது இப்போது எனக்கு நன்றாகத் தெரியும். அப்போது தெரிந்தது ஒன்றுதான். ஊரில் எங்கேயோ ஒரு வீடு எழும்பிக்கொண்டிருந்தது, அது என் ஞாயிற்றுக்கிழமைகளை ஒவ்வொன்றாகத் தின்றுகொண்டிருந்தது.

வாப்பா பொய் சொல்லமாட்டார். பூங்காவுக்குப் போவோம் என்றால் பூங்காவின் திசையில்தான் பஸ் ஏறுவோம். ஆனால் நடுவழியில் ஒரு கடை வந்துவிடும். "பத்து நிமிச வேல" என்று இறங்குவார். ஒருமுறை கடல் பார்க்க என்று வெள்ளவத்தைக்குப் போனோம். ஊரில் வீட்டுக்குப் பின்னால் கடல் கிடக்க, கொழும்பில் வந்து கடல் பார்க்க பஸ் ஏறுவதே ஒரு கூத்து, அதையும் பார்க்கவில்லை. யாரோ ஒருவருடைய வீட்டு வாசல் இரும்புக் கேற் வாப்பாவுக்குப் பிடித்துப்போய், வீதியில் நின்றபடியே அதைச் சாணால் அளக்கத் தொடங்கிவிட்டார். உள்ளேயிருந்து நாய் குரைத்தது. வீட்டுக்காரர் வெளியே வந்து ஆர் நீங்கள் என்று கேட்டார். உம்மா முந்தானையை இழுத்து முகத்தை மூடிக்கொண்டு எங்களைத் தெரியாதவர் மாதிரி அடுத்த மரத்தடிக்குப் போய்விட்டார். வாப்பா என்னடாவென்றால் அந்த மனிதரோடு கதைத்துச் சிரித்து, கேற் செய்த வெல்டிங்காரரின் விலாசத்தையும் வாங்கிக்கொண்டு வந்தார்.

பெற்றோர் கூட்டத்தில் ரீச்சர் இதை வாப்பாவிடமே சொன்னார். பிள்ளையை வெளியே கூட்டிப் போங்கள், பார்த்துத்தான் அது கதைக்கப் பழக வேண்டும் என்றார். வாப்பா தலையை நன்றாக ஆட்டினார். "ஓம் ரீச்சர், ஒவ்வொரு ஞாயிறும் கூட்டிக்கிட்டுத்தான் போறன்." பக்கத்தில் நின்ற நான் வாப்பாவின் கையைக் கிள்ளினேன்.

என்றாலும் ஏதோ உறைத்திருக்க வேண்டும். அந்தக் கிழமை வாப்பாவே வாய் திறந்து சொன்னார்: இந்த ஞாயிறு தெஹிவளை மிருகக்காட்சிச்சாலை. நான் நம்பவில்லை. உம்மா சனி இரவே கோழிக்கறிக்கு மசாலா அரைத்தபோதுதான் நம்பினேன். ஒட்டகச்சிவிங்கியைப் பற்றித் திங்கட்கிழமை என்னென்ன சொல்வது என்று படுக்கையில் கிடந்தபடியே தயாராகிவிட்டேன். கழுத்து எவ்வளவு நீளம், எப்படிக் குனிந்து தண்ணீர் குடித்தது, எல்லாம். பார்ப்பது மட்டும்தான் பாக்கி.

ஞாயிறு காலை ரொட்டியும் கறியும் கட்டிக்கொண்டு வெளிக்கிட்டோம். பஸ்ஸில் எல்லோருக்கும் இருக்கை கிடைத்தது. தம்பி சிங்கம் மாதிரிக் கர்ஜித்துக்கொண்டு வந்தான். பாதி வழியில் வாப்பாவின் கைபேசி அடித்தது. மருதமுனை லொறிக்காரர். சாரன் இறக்கியாகிவிட்டது, வெறும் லொறிதான் ஊருக்குப் போகிறது, பின்னேரம் அஸர் தொழுதுவிட்டு வெளிக்கிடுவேன், ஏற்ற ஏதும் இருந்தால் கொண்டுவா, கூலி வேண்டாம் என்றார். வாப்பா மணியை அடித்துவிட்டார்.

"பத்து நிமிச வேல" என்றார்.

"யா அல்லாஹ்" என்றார் உம்மா. ரொட்டிப் பையைத் தூக்கிக்கொண்டு இறங்கினார்.

டைல்ஸ் கடை மூன்று மாடி. வாப்பா ஒவ்வொன்றையும் கையில் எடுத்து, தேங்காயைத் தட்டிப் பார்ப்பது போல விரல் முட்டியால் தட்டி, காதோரம் வைத்துக் கேட்டார். தம்பிக்கோ அதுவே மிருகக்காட்சிச்சாலை. குளிக்கும் தொட்டிகளில் ஏறிப் படுத்தான். பார்வைக்கு வைத்திருந்த கக்கூசில் காற்சட்டையைக் கழற்றிவிட்டு உட்காரவும் போய்விட்டான். உம்மா ஓடிப்போய்த் தூக்கிய வேகத்தில் ஒரு செருப்பு அங்கேயே கிடந்தது. நான் ஒரு டைல்ஸ் பெட்டியின் மேல் உட்கார்ந்து, மணிக்கூட்டைப் பார்ப்பதும் வாப்பாவை முறைப்பதுமாக இருந்தேன்.

கடைப் பையன் கடைசியில் களைத்துப்போய்க் கேட்டான். "யாருக்குங்க சேர் வீடு? அவங்க விருப்பத்தைச் சொன்னா நான் எடுத்துத் தாறேன்."

வாப்பா என்னைக் காட்டினார். "இந்தா, வீட்டுக்காரி இரிக்கா. அவக்கிட்டக் கேளுங்க."

பையன் சிரித்தான். பிறகு என் முன்னால் வந்து குனிந்து, "சொல்லுங்க மெடம், என்ன கலர் வேணும்?" என்றான். எனக்கு எப்படி இருந்திருக்கும் என்று நினைத்துப் பாருங்கள். ஒட்டகச்சிவிங்கியும் போய்விட்டது, இப்போது பகிடி வேறு. சுற்றிலும் பார்த்தேன். மூலையில், ஒருவரும் வாங்காமல் தூசி பிடித்து, ஊதாவும் இல்லாமல் கறுப்பும் இல்லாமல், முற்றிப்போன கத்தரிக்காய் நிறத்தில் ஓர் அடுக்கு இருந்தது. அந்தக் கடையிலேயே அவலட்சணமானது அதுதான்.

"அது" என்றேன்.

பையன் சிரிப்பை நிறுத்திவிட்டான். வாப்பா மெதுவாகப் போய் அதில் ஒன்றை எடுத்தார். சாரன் நுனியால் தூசியைத் துடைத்தார். தட்டிப் பார்த்தார். ஜன்னல் பக்கம் கொண்டுபோய் வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு என்னிடம் வந்தார்.

"வடிவா ஒருக்காப் பாரு மகள். மெய்யாவே புடிச்சிருக்கா?"

"புடிச்சிருக்கு" என்றேன், பல்லைக் கடித்துக்கொண்டு.

"செரி தம்பி. முன்கூடத்துக்கு இதையே போடுங்க."

உம்மாவுக்கு அப்போதுதான் நடப்பது விளங்கியது. தம்பியைக் கீழே இறக்கிவிட்டு வந்தார். "உங்களுக்கு விசரா? சின்னப் புள்ள சொல்றத்துக்கு ஆரும் கத்தரிக்காக் கலர்ல நிலம் போடுவாங்களா? நாளைக்கு மாப்புள வீட்டாக்கள் வந்து இதிலயா இரிக்கிற? ஊர் சனம் வாயால சிரிக்குமா?"

வாப்பா கையிலிருந்த டைல்ஸை இன்னொருமுறை தட்டிப் பார்த்தார். அது உம்மாவுக்கு இன்னும் எரிச்சலாகிவிட்டது.

"எங்கட வாப்பா என்னட்டக் கேட்டா நிலம் போட்டாரு? சிவப்புச் சீமெந்தை இழுத்து உட்டாரு. எனக்கு அந்தச் சிவப்பக் கண்ணிலயும் காட்டேலா. ஆராச்சும் கேட்டாங்களா? கலியாணம் முடிச்ச நாளையில இரிந்து அதைத்தான் தேச்சுத் தேச்சுக் கழுவினன்."

"அதுதான் புள்ள" என்றார் வாப்பா, குரலை உயர்த்தாமல். "அதுதான் நான் இவக்கிட்டக் கேக்கிறன்."

உம்மா வாப்பாவை ஒருமுறை பார்த்தார். பிறகு வந்து என் பக்கத்தில் பெட்டியின் மேல் உட்கார்ந்து, என் தலைமுடியைக் காரணமில்லாமல் சரிசெய்தார். சண்டை ஏன் பாதியில் நின்றது என்று எனக்கு விளங்கவில்லை. உம்மா இன்னும் கொஞ்சம் கத்தினால் கடையை விட்டுக் கிளம்பலாம் என்றிருந்தேன். அதுவும் போயிற்று.

அதற்குப் பிறகுதான் உண்மையான வேலையே தொடங்கியது. கடையில் இருந்தது போதாது, மிச்சம் வேறு கிடங்கிலிருந்து வர வேண்டும். வந்ததும் வாப்பா ஒவ்வொரு பெட்டியாகப் பிரித்து, மூலை உடைந்ததை எல்லாம் ஒதுக்கினார். விற்காத சரக்கு விற்கிறதே என்கிற சந்தோஷத்தில் பையனும் பொறுமையாக நின்றான். பிறகு லொறி நிற்கிற இடம் வரைக்கும் போய், ஏற்றி, தார்ப்பாய் கட்டி, பெட்டி ஆடாமல் இருக்க இடையில் வைக்கோல் அடைத்து, லொறி வீதியில் திரும்பி மறைகிற வரைக்கும் பார்த்துக்கொண்டு நின்றார். ஊருக்குப் போகிற பிள்ளையை வழியனுப்புகிறவர் மாதிரி நின்றார். எனக்கு வந்த ஆத்திரத்தில் அந்த லொறி குடைசாயட்டும் என்று கூட நினைத்தேன்.

தெஹிவளைக்குப் போய்ச் சேர்ந்தபோது ரிக்கட் கொடுப்பதை நிறுத்திவிட்டார்கள். சனம் வெளியே வந்துகொண்டிருந்தது. எல்லாப் பிள்ளைகளின் கையிலும் பலூன். மதிலோரம் உட்கார்ந்து, ஆறிப்போன ரொட்டியைப் பிரித்தோம். உள்ளேயிருந்து ஏதோ ஒரு மிருகம் உறுமியது. "சிங்கம்" என்று தம்பி துள்ளினான். அவனுக்கு அது போதும். நான் ரொட்டியைத் தொடாமல் அழுதேன். வாப்பா இறைச்சித் துண்டுகளைப் பொறுக்கி என் பக்கம் தள்ளி வைத்தார்.

"அடுத்த ஞாயிறு, இன்ஷா அல்லாஹ்" என்றார்.

அடுத்த ஞாயிறு கைகழுவும் பேசின்.

திங்கட்கிழமை ரீச்சர் என்னை எழுப்பினார். டைல்ஸ் கடை என்றேன். வழக்கம்போல வகுப்பு சிரித்தது. வீடு கட்டுகிறீர்களா, யாருக்கு என்று கேட்டார். "தெரியாது ரீச்சர். எனக்கெண்டு கடையில வாப்பா பகிடிக்குச் சொன்னாரு" என்றேன். ரீச்சரும் சிரித்துவிட்டார்.

போன வருசம் எனக்குக் கலியாணம் நடந்தது. மாப்பிள்ளை வீட்டார் வந்து அந்தக் கத்தரிக்காய் நிறத்தில்தான் உட்கார்ந்தார்கள். ஊர் சனம் சிரித்ததா என்று நான் பார்க்கவில்லை. உம்மா பார்த்துக்கொண்டே இருந்தார். வாப்பாவும் உம்மாவும் இப்போது இரண்டு ஒழுங்கை தள்ளி, அந்தச் சிவப்புச் சீமெந்து வீட்டில் இருக்கிறார்கள். இந்த வீட்டில் வாப்பா ஓர் இரவு கூடத் தூங்கியதில்லை.

ஒவ்வொரு வெள்ளியும் ஜும்மா முடிந்து வருவார். கதவு திறந்துதான் கிடக்கும். உள்ளே வரமாட்டார். செருப்பைக் கழற்றி, வெளிக் குழாயில் காலைக் கழுவி, காலில் ஒட்டிய மணல் போய்விட்டதா என்று குனிந்து பார்த்துவிட்டு, படியில் நின்றபடி, "வீட்டுக்காரி இரிக்காவா?" என்று கேட்பார். நான் குசினியில் சமைத்தபடியே கத்துவேன்: "உள்ளுக்கு வாங்க வாப்பா. நீங்க கட்டின வீட்டுக்கு என்னத்துக்கு இந்த நாடகம்?" நான் வா என்று சொன்ன பிறகுதான் காலை எடுத்து வைப்பார். உம்மாவின் வீட்டு வாசலில் அவருடைய வாப்பாவும் அப்படித்தான் நின்று கேட்பாராம். போன கிழமை சாச்சி வந்திருந்தபோது சொன்னார்.

அன்றைக்குக் கடையில் வாப்பா பகிடி விடவில்லை. தான் நாளைக்கு வாசலில் நின்று அனுமதி கேட்கப்போகிற வீட்டின் சொந்தக்காரியிடம்தான் நிறம் கேட்டார். அதற்காகத்தான் ஒவ்வொன்றையும் தட்டித் தட்டிப் பார்த்தார். பத்து வயதில் எனக்குத் தெரிந்ததெல்லாம், ஒட்டகச்சிவிங்கியைப் பார்க்கவில்லை என்பது மட்டும்தான்.