கேட்காமலே வந்த லொறி

போன கிழமை கிரானில் ஒரு லொறியைப் பார்த்து எனக்குக் கோபம் வந்தது. பாவம், அது சும்மாதான் நின்றது!

என் பள்ளித் தோழன் யோகராசாவுக்கு அங்கே மூன்று ஏக்கர் வயல். அறுவடை பார்க்க வரச் சொன்னான். நாவற்குடாவில் கதிரையில் இருந்தே காலம் தள்ளுகிற உடம்புக்கும் கொஞ்சம் வெயில் வேண்டுமே... போனேன்.

இந்த முறை அவன் வீட்டில் ஒரு திட்டம். நெல்லை ஈரத்தோடு விற்பதில்லை. காயவைத்து, விலை ஏறும்வரை பொறுத்திருந்து விற்பது. அந்தக் காசில் பின்பக்கக் கூரையை மாற்றுவது. மாரி வந்தால் அந்த அறையில் மூன்று வாளி வைத்துத்தான் படுக்கிறார்கள். அவன் மனைவி ஜெயந்தி அயலில் எல்லாம் கேட்டு, நெல் பரப்பப் படங்குகள் சேர்த்து வைத்திருந்தாள்.

நெல் அறுக்க வெட்டுமெசின் வயல்வட்டைக்குள் இறங்கியது. பின்னாலேயே நெல் வாங்குகிற லொறி ஒன்று வந்து வரம்போரம் நின்றது. யோகராசா அதைக் கூப்பிடவில்லை. நெல் மூட்டையானது. அவன் லொறியைப் பார்த்தான், மெசினைப் பார்த்தான்... "ஏத்துங்க" என்றான்.

ஜெயந்தி படங்கைச் சுருட்டினாள். எனக்குத்தான் பொறுக்கவில்லை.

"என்னடா இது? காயப்போடுறதெண்டாய்?"

"மெசின்கார சலீம் நானாட மச்சான்ட லொறிடா அது. குடுக்காட்டி அடுத்த போகம் மெசின் கடைசியாத்தான் வரும். அதுக்குள்ள மழை வந்தா கதிர் சாஞ்சிரும்."

"நானா அப்பிடிச் சொன்னவரா?"

"அவர் ஏன் சொல்லணும்? பக்கத்து வயல்காரன் ஒருக்கா வேற ஆளுக்கு வித்தவன். அடுத்த போகம் அவனுக்கு மெசின் கடைசியாத்தான் வந்த."

திரும்பும் வழியில், சந்தித் தேநீர்க் கடையில் சலீம் நானா இருந்தார். ஓட்டமாவடிக்காரர், மரியாதையான மனிதர். லொறியைப் பற்றியும் பக்கத்து வயலுக்கு மெசின் பிந்தியதைப் பற்றியும் நேராகவே கேட்டுவிட்டேன். அவர் கோப்பையைக் கீழே வைத்தார்.

"அல்லாஹ்வே! அந்த முறை பெல்ட் அறுந்து ரெண்டு நாள் மெசின் நிண்ட, தம்பி. அதான் பிந்தின. லொறி இல்லாமப் போனா, 'நானா ஒரு வாகனம் கூடக் கொண்டரல்ல' எண்டு வயல்காரங்க குறை நினைப்பாங்களே... அதுக்குத்தான் மச்சான வரச் சொல்ற. ஈர நெல்லோட அவங்க படுற பாடு எனக்கெல்லோ தெரியும்!"

எப்படி இருக்கிறது கதை? அவர் எதிர்பார்க்கிறார் என்று இவன் கொடுக்கிறான். இவன் எதிர்பார்க்கிறான் என்று அவர் அனுப்புகிறார்!

விவசாயி ஏன் பொறுத்திருந்து விற்பதில்லை என்று மண்டபம் பிடித்துப் பேசுகிறார்கள். களஞ்சியம் இல்லை, காயவைக்கத் தளம் இல்லை – எல்லாம் உண்மைதான். ஆனால் கேட்கக் கூச்சம் என்பதை எந்த அறிக்கையில் எழுதுவது? நாம் மட்டும் திறமா? கலியாண வீட்டில் வயிறு முட்டிய பிறகும், வீட்டுக்காரர் குறை நினைப்பார் என்று சாப்பிடுகிறோம். நாம் குறை நினைப்போம் என்று அவர் போட்டுக்கொண்டே இருக்கிறார். ஆனால் வயிறு மறுநாள் சரியாகிவிடும். கூரை அப்படியா?

கடையில் நின்றபடியே யோகராசாவுக்குப் போன் எடுத்து எல்லாம் சொன்னேன். 

"அவர் உனக்குத்தானே சொன்ன? எனக்குச் சொல்லல்லையே."

"அப்ப நீயே ஒருக்காக் கேளன்."

"அத எப்பிடிடா வாய்விட்டுக் கேக்கிற? அவர் என்ன நினைப்பார்?"

சொன்ன சொல்லையாவது திருப்பி எடுக்கலாம்... யாருமே சொல்லாததை எப்படித் திருப்பி எடுப்பது?