உட்கார்ந்தால் சிக்கு

எங்கள் ரப்பர்த் தோட்டம் கடல் கடந்த ஜோகூர்ச் சீமையில், செடெனாக் ஊரிலிருந்து உள்ளே தள்ளி இருந்தது. நான் அங்கே பங்களா ஆயா. துரைசாணியின் குழந்தைகளைக் குளிப்பாட்டி, ஊட்டி, தூங்கவைத்து, அந்தக் குழந்தைகளின் வாயிலிருந்தே இங்கிலீஷ் கற்றுக்கொண்டவள். எழுதப் படிக்கக் கற்றதெல்லாம் வெகுகாலம் கழித்துத்தான். ஆனாலும் சாப்பாட்டு மேசையில் துரை பேசுவதில் முக்கால்வாசி அப்போதே எனக்குப் புரியும். புரியாதவள் போல நிற்பேன். அப்படி நின்றால்தான் அங்கே பிழைக்க முடியும்.

அந்தப் பாஷையில் எனக்கு ஆகாத ஒன்று உண்டு. தி புவர் என்பார்கள். தி ஓல்டு என்பார்கள். தி சிக் என்பார்கள். அந்த ஒரு சொல்லுக்குள்ளே எத்தனை பேரை வேண்டுமானாலும் அள்ளிப் போட்டு மூடிவிடலாம். நம் பேச்சில் காய்ச்சல்காரன் என்றால்கூட அங்கே ஒரு ஆள் நிற்கிறான். நோயாளி என்றாலும் ஆள் இருக்கிறான். நாம் மட்டும் பெரிய யோக்கியமா என்றால் அதுவும் இல்லை. கோபம் வந்தால் கிழடு, குருடு, நொண்டி என்று நாமும்தான் வைகிறோம். ஆனால் வைகிறோம் என்று தெரிந்து வைகிறோம். அவர்கள் சூப்பைக் குடித்துக்கொண்டே, முகம் மாறாமல், சில சமயம் இரக்கமாகக்கூட அப்படிச் சொல்வார்கள்.

அந்த சிக் என்ற சொல் பங்களாவிலிருந்து இறங்கி வந்து, கூலிகள் குடியிருக்கும் லயத்திலும் சிக்கு என்று குடியேறிவிட்டது. விடியற்காலையில் வேலைக்கு ஆள் பிரிக்கும் இடத்தைப் பெரட்டு என்போம். முடிந்தவர்கள் அங்கே வரிசையாக நிற்க வேண்டும், முடியாதவர்கள் ஓரமாகக் குந்த வேண்டும். நிற்பவர் ஆள். குந்தியவர் சிக்கு. "இன்னைக்கி எத்தன சிக்குடா?" என்று கங்காணி கத்துவார். மருந்து கொடுக்கும் டிரசர் வந்து ஒவ்வொரு வாயிலும் காய்ச்சல் மருந்தான கொயினாவை ஊற்றிவிட்டுப் போவார். என் வீட்டுக்காரரே காய்ச்சல் நாளில், "நான் இன்னைக்கி சிக்குடி" என்று சிரித்துக்கொண்டு போய்க் குந்துவார். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

அவர் பால்மரம் வெட்டுகிறவர், ரப்பர் மரத்தைக் கீறிப் பால் எடுக்கிற வேலை. ஊரில் அவர் சாதி வேறு, என் சாதி வேறு. தோட்டத்துக் கோயிலில் மாலை மாற்றிக்கொண்டு ஒரே அறையில் குடியிருந்தோம், அவ்வளவுதான் எங்கள் கல்யாணம். ஆபீசில் எதுவும் பதியவில்லை. சேதி எப்படியோ கடல் தாண்டிவிட்டது. புதிதாகக் கப்பலில் வந்த ஒருத்தன் மூலமாக அவருடைய அண்ணன்மார் சொல்லி அனுப்பினார்கள்: தனியாக வந்தால் வீட்டில் இடம் உண்டு, அவளைக் கூட்டிக்கொண்டு வந்தால் இரண்டு பேரையும் ஊர் எல்லையிலேயே வெட்டிப் போடுவோம். அவர் அதைக் கேட்டுவிட்டு, "அப்ப இந்தத் தோட்டந்தான் நமக்கு ஊரு" என்றார். நானும் அப்படியே நம்பினேன்.

பிறகு ரப்பர் விலை விழுந்தது. பாதி மரங்களில் பால் வெட்டாமல் விட்டார்கள். அதே சமயத்தில் அவருக்குக் காய்ச்சல் விட்டு விட்டு வர ஆரம்பித்தது. ஆள் வெளிறிப்போனார். குந்தினால் எழுந்திருக்கக் கை ஊன்ற வேண்டியிருந்தது.

ஒருநாள் மேசையருகே நிற்கிறேன். துரை சாவகாசமாகச் சொன்னார், தி அன்பிட், அதாவது வேலைக்கு லாயக்கில்லாதவர்கள், எல்லாரையும் கப்பலேற்றி ஊருக்கு அனுப்பிவிடப் போகிறோம், டாக்டர் வந்து பார்த்துப் பிரிப்பார் என்று. குழந்தை தண்ணீர் கேட்டது, நான் உப்பை எடுத்துக் கொடுத்தேன்.

துரை எழுந்து போனபின் துரைசாணியைத் தனியாகப் பிடித்தேன். "மேம், என் வீட்டுக்காரருக்கு உடம்பு சரியில்லை, அவரை அனுப்பிவிடாதீர்கள்" என்று எனக்குத் தெரிந்த இங்கிலீஷில் கெஞ்சினேன். அவள் கெட்டவள் இல்லை. "அவன் பேர் என்ன?" என்று கேட்டாள். புருஷன் பேரை நாங்கள் வாயால் சொல்கிற வழக்கம் உண்டா? உயரமாக இருப்பார், புருவத்தில் தழும்பு இருக்கும் என்று என்னென்னவோ உளறினேன். அவளுக்கு விளங்கவில்லை. கடைசியில் மானத்தை விட்டுச் சொன்னேன். அவர் பேரை நான் முதன்முதலில் உச்சரித்தது அங்கேதான், அந்தப் பீங்கான் தட்டுகளுக்கு நடுவில். அவள் என் தோளைத் தட்டி, தி அன்பிட் தங்கள் சொந்த ஜனங்களோடு இருந்தால்தான் சந்தோஷமாக இருப்பார்கள் என்றாள். நான் சொன்ன பேர் எங்கே போய் விழுந்ததோ!

லயத்துக்கு ஓடிவந்து பக்கத்து அறைக்காரியிடம் சொல்லி அழுதேன். "அலமாக், அடியம்மா! அழுதா ஆச்சா? டாக்டரு நாக்கையும் கண்ணையும்தான் பாப்பாரு, அப்புறம் நடக்கச் சொல்லுவாரு. வெத்தலய நல்லாப் போடச் சொல்லு, நாக்கு செவக்கும். எண்ணெயத் தேச்சு விடு, தோலு மினுங்கும். எது நடந்தாலும் குந்த மட்டும் விட்டுடாத" என்றாள்.

அப்படியே செய்தேன். டாக்டர் வந்த அன்று விடியுமுன்னே எழுப்பி, எண்ணெய் தேய்த்து, முட்டை வாங்கிக் கொடுத்து, வெற்றிலை மேல் வெற்றிலையாக மடித்துக் கொடுத்தேன். "என்னடி, மாப்பிள்ளை அழைப்பா?" என்று கேலி செய்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. "நில்லுங்க. செத்தாலும் நின்னுக்கிட்டே சாவுங்க. குந்தாதீங்க" என்றேன். அவர் என் தலையில் லேசாகக் குட்டினார்.

அன்றைக்குப் பங்களாவுக்குப் போகாமல் பெரட்டு ஓரத்தில் நின்றேன். வெயில் ஏறிக்கொண்டே போனது. வரிசையில் அவருக்கு முன்னால் இருந்தவர்கள் ஒவ்வொருவராக இடப்பக்கமும் வலப்பக்கமும் பிரிந்தார்கள். அவர் கால் நடுங்குவது எனக்குத் தெரிந்தது, வேறு யாருக்கும் தெரியவில்லை. டாக்டர் அவர் நாக்கைப் பார்த்தார், கண்ணைக் கீழே இழுத்துப் பார்த்தார், நடக்கச் சொன்னார். நடந்தார். ராசா மாதிரி நடந்தார்! டாக்டர் வலப்பக்கம் கையைக் காட்டினார். பக்கத்தில் நின்ற, ஆபீசில் கணக்கெழுதும் கிராணி, "நீ வேல செய்யலாம்டா, போ" என்றார். நான் முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு அழுதேன்.

அப்படியே வலப்பக்கம் போயிருக்கக் கூடாதா அந்த மனுஷன்?

எங்கள் ஆட்கள் நன்றியை வாயால் சொல்ல மாட்டார்கள். நல்லது செய்தவர் எவரானாலும் காலில் விழுவார்கள். அவர் திரும்பி வந்தார். இரண்டு கையையும் தலைக்கு மேல் கூப்பி, டாக்டரின் பூட்ஸுக்கு முன்னால் நெடுஞ்சாண்கிடையாக விழுந்தார்.

விழுந்தவர் எழுந்திருக்கவில்லை. முதலில் பக்தி என்றுதான் எல்லாரும் நினைத்தார்கள். பிறகு கை ஊன்றினார், கை வழுக்கியது. நான் தேய்த்துவிட்ட எண்ணெய் வேறு, மண் ஒட்டி முழங்கையெல்லாம் சேறு. மறுபடி ஊன்றினார். முழங்கால் வரைக்கும் வந்தார், அதற்கு மேல் முடியவில்லை. அப்படியே குந்திவிட்டார். மூச்சு இரைத்தது. டாக்டர் குனிந்து சற்று நேரம் பார்த்தார். திட்டவில்லை, கோபப்படவில்லை. கிராணியிடம் ஒரே ஒரு சொல் சொன்னார். எனக்கு அது கேட்கவே வேண்டியிருக்கவில்லை. இரண்டு பேர் வந்து அவரைக் கைத்தாங்கலாக இடப்பக்கம் கொண்டுபோய் விட்டார்கள்.

அன்றிரவு நான் ஒரு முடிவுக்கு வந்தேன். "நானும் வர்றேன். வெட்டுனா ரெண்டு பேரையும் வெட்டட்டும்" என்றேன். அவர் பதில் பேசவில்லை. சம்மதம் என்று நினைத்துக்கொண்டேன். முட்டாள் நான், அவர் மௌனத்தை என்றைக்குப் புரிந்துகொண்டேன்?

லாரி வந்த அன்று துணி மூட்டையோடு அவர் பின்னால் நின்றேன். ஆபீஸ் வாசலில் மேசை போட்டு, ஜோகூர்ப் பட்டணத்திலிருந்து வந்த வெள்ளைக்கார அதிகாரி உட்கார்ந்திருந்தார். பெண்டாட்டி இருந்தால் அவளுக்கும் கப்பலில் இடம் உண்டு. கிராணி ஒவ்வொருவரையும் கேட்டு, அதிகாரிக்கு இங்கிலீஷில் சொல்லிக்கொண்டிருந்தார். எங்கள் முறை வந்தது.

"குடும்பம் இருக்கா?"

"இல்ல சார். எனக்கு யாரும் இல்ல."

கிராணிக்கு எங்களைத் தெரியாதா? எங்கள் கல்யாணச் சோற்றைத் தின்றவர்தான். என்னைப் பார்த்தார். பிறகு தலையைக் குனிந்துகொண்டு அதிகாரியிடம் யாரும் இல்லையாம் என்றார். "பொய்! பொய் சொல்றாரு! நான் அவரு பொண்டாட்டி, சார்!" என்று கத்தினேன். இங்கிலீஷிலும் கத்தினேன். அதிகாரி என் வீட்டுக்காரரை நிமிர்ந்து பார்த்தார். அவர் என் பக்கம் திரும்பாமலே, "பங்களா ஆயா சார். ஊருக்குப் போற ஆசையில யாரு பின்னாலயாவது ஏறப் பாக்குது" என்றார். வரிசையில் நின்ற அத்தனை பேரும் தரையைப் பார்த்தார்கள். ஒருத்தராவது வாயைத் திறந்தார்களா? இல்லை. எல்லாரும் சேர்ந்து என்னைக் காப்பாற்றினார்கள், பாவிகள்.

பக்கத்து அறைக்காரி என்னை இடுப்போடு கட்டிப் பிடித்துக்கொண்டாள். லாரியில் அவரைத் தூக்கித்தான் ஏற்றினார்கள். மரச் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு முதுகைக் காட்டி உட்கார்ந்தார். நான் எனக்குத் தெரிந்த வசவையெல்லாம் வைதேன். "நீ செத்தாக்கூட ஒரு சொட்டுக் கண்ணீர் விடமாட்டேன், கேட்டுக்க!" என்று தொண்டை கிழியக் கத்தினேன். அப்போது அவர் தோள் குலுங்கியது. லாரி கிளம்பியதால் குலுங்கியதா, வேறா, எனக்குத் தெரியாது.

சிங்கப்பூரில் கப்பல் ஏறினார் என்பது வரைக்கும் கேள்விப்பட்டேன். அதற்கப்புறம் ஒரு தகவலும் இல்லை. ஊர் போய்ச் சேர்ந்தாரா, அண்ணன்மார் சேர்த்துக்கொண்டார்களா, நடுக்கடலிலேயே போய்விட்டாரா, சொல்ல ஒரு நாதி இல்லை. அழமாட்டேன் என்று சொன்னது கோபத்தில் சொன்னது. ஆனால் செத்த சேதி வராமல் எந்த நாளில் உட்கார்ந்து அழுவது? இப்போது எனக்கே வயதாகிவிட்டது. இன்னும் அழவில்லை.