கவட்டை விலாவும் காதர் பாய் நோட்டும்

எக்ஸ்ரே எடுக்கிறவன் பிழைப்பு இருட்டறையில் தொடங்கி இருட்டறையில் முடிகிற பிழைப்பு. சட்டையைக் கழற்றிவிட்டு, சில்லென்ற தகட்டில் மார்பை ஒட்டிக்கொண்டு நின்றிருப்பீர்கள். "மூச்சை இழு, பிடி, அசையாதே!" என்று ஒருத்தன் அதட்டியிருப்பான். அந்த ஒருத்தன் நான்தான். உங்களுக்கு அது ஒரு நிமிஷ அவஸ்தை, எனக்கு நாள் முழுக்க. அதனால் நாம் எல்லாரும் ஒரே கட்சி.

ஐம்பதுகளின் கடைசியில் திண்டுக்கல்லில் ஓர் ஆஸ்பத்திரியில் இந்த வேலைக்குச் சேர்ந்தேன். நெஞ்சுப் படத்தில் தெரிந்த காலணா அகல நிழல் பழசா புதுசா என்று தெரியாமல், சின்னாளபட்டிப் பெண் ஒருத்தி கைக்குழந்தையைப் பிரிய இருந்தாள். அந்தக் கதையைச் சொல்லத்தான் உட்கார்ந்தேன். அதற்கு முன்னால் எங்கள் கூட்டத்தைக் கொஞ்சம் தெரிந்துகொள்ளுங்கள்.

சிவப்புக் கண்ணாடி

ஸ்கிரீனிங் என்று ஒன்று உண்டு. அதற்கு ஃபிலிம் கிடையாது. ஆளை மெஷினுக்கு முன்னால் நிறுத்தி, உள்ளே நடப்பதைத் திரையிலேயே நேராகப் பார்ப்பது. ஒரு மனுஷனின் இதயம் அவன் நெஞ்சுக்குள் துடிப்பதை அப்படி முதன்முதலாகப் பார்த்த அன்றைக்கு எனக்குச் சோறு இறங்கவில்லை, அம்புட்டு பிரமிப்பு! ஆனால் திரையின் வெளிச்சம் மின்மினிப் பூச்சி அளவுதான். வெயிலிலிருந்து வந்த கண்ணுக்கு ஒன்றும் தெரியாது. அதனால் எங்கள் டாக்டர் அரை மணி நேரம் முன்னாலேயே கருஞ்சிவப்புக் கண்ணாடி ஒன்றை மாட்டிக்கொண்டு கண்ணைப் பழக்குவார். மனுஷர் சும்மா உட்கார்ந்தால்தானே? அந்தக் கண்ணாடியோடேயே வார்டெல்லாம் சுற்றி வருவார்.

இருமல் என்று கன்னிவாடியிலிருந்து வந்த விவசாயி ஒருவர் வரிசையில் உட்கார்ந்திருந்தார். கண்ணாடியோடு டாக்டர் வந்ததைப் பார்த்ததும் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு கிளம்பிவிட்டார். நான் ஓடிப்போய் வாசலில் மறித்து, எங்கே போகிறீர்கள் என்று கேட்டேன். "அவருக்குக் கண்ணுவலி தீரட்டும்ப்பா, பொறவு வாரேன். எதிர்ல நிக்கிற என்னையவே பாக்க ஏலாதவரு, என் நெஞ்சுக்குள்ள என்னத்தப் பாத்துறப் போறாரு?"

ஊருக்கே காசம்

திண்டுக்கல் தண்ணீரைப் பற்றித் திண்டுக்கல்காரர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. மற்றவர்களுக்குச் சொல்கிறேன்: அதில் சோப்பு நுரைக்காது, பருப்பு வேகாது. எக்ஸ்ரே படத்தை மருந்துத் தொட்டிகளில் முக்கி எடுத்தபிறகு நல்ல தண்ணீரில் அலசிக் காயவைக்க வேண்டும். ஒரு கோடையில் ஆஸ்பத்திரிக் கிணறு அடிமட்டத்துக்கு இறங்கிவிட்டது. ஊறிய கொஞ்சமும் வெறும் உப்பு. அந்த வாரம் நான் எடுத்த நெஞ்சுப் படங்களிலெல்லாம் புள்ளி புள்ளியாக ஏதோ தெரிந்தது. இருமல்காரருக்குத் தெரிந்தால் சரி. கடப்பாரையை வளைக்கிற உடம்போடு, வேலைக்குச் சேரச் சான்றிதழ் கேட்டு வந்த போலீஸ்காரருக்குமா? ஊருக்கே காசம் வந்துவிட்டது என்று படங்களை அள்ளிக்கொண்டு டாக்டரிடம் ஓடினேன்.

டாக்டர் போலீஸ்காரர் படத்தை ஜன்னல் வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தார், நகத்தால் சுரண்டினார். ஒரு புள்ளி உதிர்ந்து மேஜையில் விழுந்தது. "இனிமேல் ஒரு படத்தை மட்டும் வைத்து யார் தலையிலும் கல்லைப் போடக் கூடாதப்பா. இன்னொரு படத்தோடு ஒப்பிட்டுப் பார்க்கணும்" என்றார். அன்றிலிருந்து கடைசி அலசலுக்கு மாட்டுவண்டிப் பீப்பாயில் நல்ல தண்ணீர் வந்தது. வண்டிக்காரர் ஒருநாள் இருட்டறைக்குள் எட்டிப் பார்த்தார். "அடப்பாவி! குடிக்க ஒரு குடம் கேட்டு ஊரே என் வண்டி பின்னால ஓடியாருது, நீ எவன் நெஞ்சையோ இதுல குளிப்பாட்டிக்கிட்டு இருக்க!"

எலும்பு ஜாதகம்

எங்கள் பதிவு மேஜையில் இருந்தவர் காதர் பாய். படத்துக்கு நம்பர் போட்டு, உறையில் பேரும் ஊரும் எழுதி அலமாரியில் அடுக்குவது அவர் வேலை. சுலபமான வேலை என்று நினைக்காதீர்கள். எங்கள் பக்கத்தில் பாதிப் பேர் பழனிச்சாமி, மீதிப் பேர் முருகன். அதைக்கூடச் சமாளிக்கலாம். நெஞ்சைப் படமெடுத்தான் என்றாலே காசம், காசம் என்றாலே பெண் கிடைக்காது என்று இருந்த காலம் அது. கல்யாணப் பேச்சு நடக்கிற வீட்டிலிருந்து வந்தால் பேர் பொய், ஊர் பொய், அப்பா பேரும் பொய். அடுத்த தடவை வேறு பேரில் வருவார்கள். பழைய படம் அலமாரியிலேயே இருக்கும், யாருக்கும் கிடைக்காது.

டாக்டர் படத்தைப் பார்த்துச் சொல்லச் சொல்ல, பாய் எழுதுவார். நடுவில் டாக்டர், "இது ஒண்ணுமில்லை, பிறவியிலேயே இப்படி. விட்டுடுங்க" என்பார். பாய் அதை ரிப்போர்ட்டில் விட்டுவிடுவார். ஆனால் நீள நோட்டு ஒன்றில் தனியாக எழுதி வைப்பார். முறிந்து ஒட்டிய காறை எலும்புக்கு ஒரு பக்கம், வலப்புறம் இருக்கிற இதயத்துக்கு ஒரு பக்கம், கூடுதலாக ஒரு விலா இருக்கிறவர்களுக்கு ஒரு பக்கம். ஒவ்வொன்றுக்கும் எதிரில் படத்தின் நம்பர். எலும்புக்கு ஜாதகம் எழுதுகிறார் என்று நான் ஊரெல்லாம் சொல்லிச் சிரித்தேன். பழைய படங்களைக் கழித்துக் கட்டும்படி ஆபீசிலிருந்து இரண்டு தடவை சொல்லியும் பாய் காதில் வாங்கவில்லை. உமக்கு ஏன் இந்த வேண்டாத வேலை என்று ஒருநாள் முகத்துக்கு நேரே கேட்டேன். அவர் பேனாவைக்கூட நிறுத்தவில்லை. "பேர மாத்திச் சொல்லலாம் தம்பி. விலா எலும்ப மாத்திச் சொல்ல முடியுமா?"

சரஸ்வதியின் நிழல்

இனி அந்தச் சின்னாளபட்டிப் பெண். சரஸ்வதி என்று பேர், தறிக்காரர் வீடு. இடுப்பில் ஆறு மாதக் குழந்தை, கூடப் புருஷன் நாகராஜன். பத்து நாளாகக் காய்ச்சல், இருமல். படம் எடுத்தேன். வலது நுரையீரலின் மேல் பக்கத்தில் காலணா அகலத்துக்கு ஒரு நிழல். டாக்டர் இரண்டு பேரையும் உட்காரவைத்துச் சொன்னார்: "சளியில் கிருமி தெரியலை. ஆனாலும் இது புதுசா வந்ததா இருந்தா சானடோரியத்துக்குத்தான் போகணும், ஒரு வருஷம்கூட ஆகலாம். குழந்தையைப் பக்கத்தில் விடக் கூடாது. பழைய தழும்பா இருந்தா இன்னிக்கே வீட்டுக்குப் போகலாம். எது என்று இந்த ஒரு படத்தை வைத்து என்னால் சொல்ல முடியலை."

இனித் தாய்ப்பால் கொடுக்கலாமோ கூடாதோ என்று பயந்து, நாகராஜன் குழந்தைக்குப் பால் வாங்கக் கடைக்குப் போன நேரம் பார்த்து அவள் இருட்டறை வாசலுக்கு வந்தாள். கல்யாணத்துக்கு முன்னால், அஞ்சாறு வருஷம் இருக்கும், அவளுடைய அண்ணன் இதே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிவந்து படம் எடுத்தாராம். ஊசி போட்டு அப்போதே சரியாகிவிட்டதாம். பொய்ப் பேர்தான் கொடுத்தார், என்ன பேர் என்று அவளுக்குத் தெரியவில்லை. அண்ணன் இப்போது பம்பாயில். புருஷன் வீட்டுக்கு இது எதுவும் தெரியாது. படம் எடுத்தவனே நான்தான், எனக்குத் துளி ஞாபகமில்லை. சுவர் முழுக்க அலமாரி, அலமாரி முழுக்க உறை. பேர் இல்லாமல் எதைத் தேட? நான் உதட்டைப் பிதுக்கினேன். அவள் குழந்தையின் தலையைத் தன் கழுத்தோடு சேர்த்து அணைத்துக்கொண்டாள். "பால்குடி மறக்காத பிள்ளைய்யா. இத விட்டுட்டு ஒரு வருசம் நான் எப்படிய்யா உசுரோட இருப்பேன்?"

நாலாவது விலா

ஈரம் காயாத படத்தை வெளிச்சப் பெட்டியில் மாட்டிவிட்டு நான் அந்தப் பாழாய்ப்போன நிழலையே முறைத்துக்கொண்டிருந்தேன். பாய் எழுந்து வந்தார். அவர் நிழலைப் பார்க்கவே இல்லை. விலா எலும்புகளை ஒவ்வொன்றாக விரலால் எண்ணிக்கொண்டு வந்து, வலது பக்கம் நாலாவதில் நிறுத்தினார். அதன் நுனி உண்டிவில் கவட்டை மாதிரி இரண்டாகப் பிரிந்திருந்தது. படம் எடுத்தவன் நான், எனக்கு அது கண்ணில் படவில்லை. பாய் நோட்டைப் புரட்டினார். கவட்டை விலா என்று ஒரு பக்கம், அதில் நாலே வரி. இரண்டு பேருக்கு இடது பக்கம். ஒருவர் கிழவர். கடைசி வரி: பெண், வயது பதினெட்டு, மீனாட்சி, சேவுகம்பட்டி. எதிரில் நம்பர். உறை கைக்கு வந்தது.

டாக்டர் இரண்டு படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் மாட்டினார். கவட்டைக்குக் கவட்டை பொருந்தியது. நிழலும் அதே இடம், அதே அளவு, அதே ஓரம். இத்தனை வருஷத்தில் ஒரு நூல் வளரவில்லை! எனக்குக் கண் கலங்கிவிட்டது. மருந்துத் தொட்டியின் நெடி என்று சொல்லிச் சமாளித்தேன். யாரைக் கேலி பண்ணினேனோ அந்த மனுஷன் கையைப் பிடித்துக்கொண்டேன். வெளியே டாக்டர் நாகராஜனிடம், "பழைய தழும்புதான். காய்ச்சலுக்கு மட்டும் மருந்து தர்றேன், கூட்டிட்டுப் போங்க" என்று முடித்துக்கொண்டார். சரஸ்வதி அங்கேயே தரையில் உட்கார்ந்து, சுவர்ப் பக்கம் திரும்பிக் குழந்தைக்குப் பால் கொடுத்தாள்.

போனவர்களில் நாகராஜன் மட்டும் செத்த நேரத்தில் திரும்பி வந்தான். துண்டை மறந்துவிட்டானாம், துண்டு தோளிலேயே இருந்தது. வெளிச்சப் பெட்டியில் இரண்டு படங்களும் இன்னும் மாட்டியபடியே இருந்தன. அவற்றைப் பார்த்தான், பாய் மேஜையில் திறந்திருந்த நோட்டைப் பார்த்தான். பிறகு குரலைத் தணித்துக்கொண்டான். "அந்தப் பழைய படம் எப்ப எடுத்ததுன்னு நான் கேக்க மாட்டேன் பாய். கல்யாணத்துக்கு முந்தி நானும் வேற பேருல இங்க வந்து நின்னவன்தான். என் எலும்பையும் அதுல எழுதி வச்சிருந்தீகன்னா, அத மட்டும் அவகிட்டச் சொல்லிராதீக."

அடுத்தவர் நெஞ்சுக்குள் இருப்பதை வெளிச்சத்துக்குக் கொண்டுவரச் சம்பளம் வாங்கின நான், அதைக் கண்டும் காணாததுபோல் உறையில் போட்டு மூடிவைப்பதையும் அதே சம்பளத்தில் சேர்த்துத்தான் செய்தேன்.