அளவு தப்பிய கை

எண்பதுகளில் ஓசூர் தொழிற்பேட்டையில் ஒரு கம்பெனியில் கிரேன் ஆபரேட்டராக இருந்தேன். அன்று தகடு அடிக்கும் பிரஸ்ஸில் மூன்று டன் இரும்பு அச்சு ஒன்றை, டை என்போம், இறக்கிக்கொண்டிருந்தேன். கீழே ஸ்லிங் என்னும் தூக்குவடம் மாட்டும் பஷீர் பாய் டையின் விளிம்பைப் பிடித்தபடி சிக்னல் காட்டினார். லீவரை ஒரு நாட்ச் தள்ள நினைத்தேன். கை இரண்டைத் தாண்டிப் போய்விட்டது. டை தடாலென்று இறங்கியது. பாய் கையை உருவிக்கொண்டது எப்படியென்று எனக்கு இன்றும் தெரியாது.

ஃபோர்மேன் ஓடிவந்தார். "குடிச்சிட்டு ஏறினியா? எறங்குடா கீழ!"

"அவன் மேல தப்பில்ல சார். ஸ்லிங் சறுக்கிடுச்சு" என்றார் பாய்.

ஸ்லிங் சறுக்கவில்லை. அது எங்கள் இருவருக்கும் தெரியும்.

எனக்கு மட்டும் தெரிந்தது ஒன்றிருந்தது. எனக்கு வலிப்பு உண்டு. அதை மறைத்துத்தான் வேலையில் சேர்ந்தேன். மாத்திரையில், வேலை பார்த்த நான்கு வருஷமும் வராமல் இருந்தது, முந்தின மாதம் மூக்கண்டப்பள்ளி வீட்டில் வந்துவிட்டது. கிரேன் மேல் வந்தால்? பயத்தில் யாரையும் கேட்காமல் மாத்திரையை இரட்டிப்பாக்கினேன். அதன்பிறகு டம்ளரை எடுக்கப்போனால் கை தள்ளிவிட்டது. "என்னங்க, பேச்சு கொழகொழன்னு வருது?" என்று மனைவி கேட்டாள். எரிந்து விழுந்தேன்.

மறுநாள் காலை கிரேன் ஏணியில் மூன்றாவது படி காலுக்கு அகப்படவில்லை. கீழே பாய் ஸ்லிங் மாட்டிக்கொண்டிருந்தார். அண்ணாந்துகூடப் பார்க்கவில்லை. இறங்கிப் போய் ஃபோர்மேனிடம் எல்லாவற்றையும் சொன்னேன்.

அவர் திட்டவில்லை. "நாலு வருஷமா எங்க தலைக்கு மேல..." என்று பாதியில் நிறுத்திக்கொண்டார். கேட்டுக்கொண்டிருந்த பாய் கையுறையைக் கழற்றி வைத்துவிட்டு வெளியே போனார்.

பெங்களூரில் நரம்பு டாக்டர் தன் விரலை நீட்டினார். "இதத் தொட்டுட்டு உங்க மூக்கத் தொடுங்க." என் விரல் கன்னத்தில் இடித்தது.

"கை போயிடுச்சா சார்?"

"கைக்கு ஒண்ணுமில்ல. பின்மண்டையில சிறுமூளை இருக்கு. கைய நீட்டுன்னு பெரிய மூளை சொல்லும். எவ்வளவு தூரம், எங்க நிக்கணும்ங்கிற அளவு இதோட வேலை. நீங்க ஏத்திக்கிட்ட மாத்திரை அதக் கெடுத்து வெச்சிருக்கு."

"சரியாகிடுமா?"

"பெரும்பாலும் ஆகும். சிலருக்கு முழுசா ஆகறதில்ல." சற்று யோசித்துவிட்டுச் சொன்னார்: "உடம்பு தள்ளாடாம பாத்துக்கிறதும் கைகால் அசைவும்தான் அதோட வேலைன்னு நாங்க படிச்சோம். தொழில் கையில படியறதுக்கும் அது வேணும், யோசிக்கிறதுலகூடப் பங்கு இருக்கலாம்னு இப்ப எழுதறாங்க. ஆராய்ச்சி நடந்துக்கிட்டிருக்கு."

அது என்னை இன்னும் பயமுறுத்தியது. கற்ற தொழிலே மண்டையிலிருந்து அழிந்துவிடுமோ? டாக்டர் மாத்திரையைக் குறைத்தார். தினமும் கண்ணாடி முன் நின்று மூக்கைத் தொட்டுப் பார்த்தேன். மூன்றாவது வாரம்தான் விரல் சரியாகப் போய் நின்றது.

கிரேன் திரும்பக் கிடைக்கவில்லை. ஸ்டோர்ஸில் போட்டார்கள். அதுதான் சரி. பாய் இரண்டு மாதம் பேசவில்லை. ஒருநாள் ஸ்லிங் வாங்க வந்தவர் கவுண்டரில் நின்று சொன்னார்:

"நீ எங்கிட்ட சொல்லியிருந்தா யாருகிட்டயும் போயிச் சொல்லியிருக்க மாட்டேன். ஆனா அடியில நிக்கறதா வேணாமான்னு நான் முடிவு பண்ணியிருப்பேன் இல்ல?"

ஸ்லிங்கை எடுத்துக் கொடுத்தேன். கிரேன் ஏறப்போகிறவர்களுக்கு நான் சொல்வது இவ்வளவுதான்: கை ஒருமுறை சொன்ன இடத்தில் நிற்கவில்லையென்றால் அன்றைக்கே இறங்கிச் சொல்லிவிடுங்கள். முதலில், கீழே நிற்பவரிடம்.